நெல்லைச் சீமையில் அரசுப் பேருந்து: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் சந்தைக்கும் அன்றாடம் பேருந்தில் வந்து போகிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. இவற்றுக்கான விடைகள் பயணியின் பக்கம் நின்று எழுதப்பட்டவை; அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் அதிகாரபூர்வ அறிவிப்பாக இவற்றைக் கொள்ள வேண்டாம்.

எங்கள் பகுதியில் ஓடும் அரசுப் பேருந்துகளை நடத்துவது யார்?

வண்ணார்பேட்டையைத் தலைமையிடமாகக் கொண்ட தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம் (திருநெல்வேலி) இவற்றை நடத்துகிறது. திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்கள் இதன் எல்லைக்குள் அடங்கும். பேருந்துத் தொழில் அரசுடைமையான காலத்தில், 1972இல், மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் தோன்றியது. அதிலிருந்து பிரிந்து 1974இல் கட்டபொம்மன் போக்குவரத்துக் கழகம் நெல்லையில் உருவானது. 1983இல் நாகர்கோவிலுக்கென நேசமணி போக்குவரத்துக் கழகம் தனியாகப் பிரிந்தது. தலைவர்களின் பெயர்கள் 1997இல் நீக்கப்பட்டன. அதைப் பற்றிப் பின்னால் ஒரு கேள்வி வருகிறது. இடையில் சில ஆண்டுகள் மதுரைக் கழகத்தோடு சேர்ந்திருந்த நெல்லை, 2010இல் மீண்டும் தனிக் கழகமானது. பெயர் போய் இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும் பாளையங்கோட்டைக்குக் கிழக்கே உள்ள குடியிருப்பு, கட்டபொம்மன் கழகத்தின் ஆங்கிலச் சுருக்கத்தால், இன்றும் கே.டி.சி. நகர் என்றே வழங்குகிறது.

நகரப் பேருந்து, புறநகர்ப் பேருந்து என்ற வேறுபாடு எதற்கு? இரண்டும் எங்கள் ஊர் வழியாகத்தானே போகின்றன?

கட்டணமும் நிறுத்தங்களும் வேறு என்பதே காரணம். மக்கள் டவுன் பஸ் என்று சொல்லும் நகரப் பேருந்து, பெயரில்தான் நகரத்தைத் தாங்கியிருக்கிறது; நம் பகுதியில் அதன் பெரும்பாலான வேலை, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், ஆலங்குளம், வள்ளியூர், சங்கரன்கோவில் போன்ற ஊர்களைச் சுற்றியுள்ள கிராமங்களை அந்தந்த ஊரோடு இணைப்பதுதான். அது எல்லா நிறுத்தங்களிலும் நிற்கும். மொபசல் என்று சொல்லப்படும் புறநகர்ப் பேருந்து ஊர்விட்டு ஊர் செல்வது. முக்கிய நிறுத்தங்களில் மட்டும் நிற்பது. மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டுமே பொருந்துவதால், இந்த வேறுபாட்டை ஏறுவதற்கு முன்பே அறிந்திருப்பது நல்லது. முன்கண்ணாடியில் உள்ள பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எங்கள் ஊருக்குப் பகலில் நான்கு நடை பேருந்து வருகிறது. இரவில் தங்கும் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். நான்கு நடை இருக்கும்போது அது ஒன்று போனால் என்ன என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் என்று கருதுகிறேன். ஓர் ஊருக்குப் பேருந்து வசதி இருக்கிறதா என்பதை நடைகளின் எண்ணிக்கையைக் கொண்டு அளப்பது சரியன்று. காலையில் முதல் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, இரவில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு வந்து சேர்கிறது என்பதைக் கொண்டே அளக்க வேண்டும்.

இரவு தங்கல் பேருந்து என்பது கடைசி நடையாக ஊருக்கு வந்து, அங்கேயே நின்று, விடியலில் முதல் நடையாகப் புறப்படுவது. ஓட்டுநரும் நடத்துநரும் அன்றிரவு அந்த ஊரிலேயே படுத்துக்கொள்வார்கள். அந்தப் பேருந்து இருந்தால், ஹைகிரவுண்டில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் புறநோயாளிகள் பிரிவுக்குக் காலையிலேயே வந்து சீட்டு வாங்கி வரிசையில் நிற்க முடியும். நயினார்குளம் மொத்தச் சந்தைக்குக் காய்கறியை வாடாமல் கொண்டு சேர்க்க முடியும். ஜவுளிக்கடையில் வேலை செய்யும் பெண், கடை அடைத்த பிறகு யாருடைய இருசக்கர வாகனத்தையும் எதிர்பார்க்காமல் வீடு திரும்ப முடியும். அது இல்லாவிட்டால் பகலில் ஓடும் நான்கு நடைகளும் பாதிப் பயனைத்தான் தரும். போன இடத்திலிருந்து திரும்பி வர வண்டி இல்லை என்றால், போகிறவரே போகத் தயங்குவார். வேலையை விட்டுவிடுவது, கல்லூரியை இடையில் நிறுத்துவது, வைத்தியத்தைத் தள்ளிப்போடுவது ஆகிய முடிவுகளில் பல, கடைசிப் பேருந்தின் நேரத்தை வைத்தே எடுக்கப்படுகின்றன.

கழகத்தின் தரப்பிலும் நியாயம் உண்டு. தங்கும் ஊழியர்களுக்குக் கழிப்பறையும் கொசு கடிக்காமல் படுக்க ஓர் அறையும் வேண்டும். பல ஊர்களில் அவர்கள் பேருந்தின் இருக்கையிலேயே படுத்து, விடியலில் கண்மாய்க் கரைக்குப் போக வேண்டியிருக்கிறது. அப்படி உறங்கி எழுந்தவரிடம் மறுநாள் முழுதும் வண்டி ஓட்டச் சொல்வது நமக்கும் பாதுகாப்பானதன்று. ஊராட்சி ஓர் அறையையும் கழிப்பறையையும் தண்ணீர்க் குழாயையும் ஒதுக்கித் தருவதாகத் தீர்மானம் போட்டு, அதை மனுவோடு இணைத்துக் கொடுத்தால், கோரிக்கையின் வலு கூடும்.

மகளிர் கட்டணமில்லாப் பயணத்தில் பயணச்சீட்டு எதற்கு? பணம்தான் வாங்குவதில்லையே?

இத்திட்டம் 2021 மே மாதம் தொடங்கியது. விடியல் பயணம் என்ற பெயர் பின்னர் வந்தது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்கள் அனைவரும், பின்னர் சேர்க்கப்பட்ட ஆணைகளின்படி திருநங்கையரும் மாற்றுத்திறனாளிகளும், கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். வயதோ வருமானமோ கேட்கப்படுவதில்லை. மாநிலத் திட்டக்குழு நடத்திய ஆய்வில், பயணம் செய்யும் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாவதாகத் தெரியவந்தது. முக்கூடலிலும் ஆலங்குளத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பீடி சுற்றும் பெண்களுக்கு இந்தத் தொகை எத்தனை நாள் கூலி என்பதை அவர்களே கணக்கிட்டுச் சொல்வார்கள்.

பயணச்சீட்டை ஏன் வாங்க வேண்டும் என்றால், அந்தச் சீட்டு ஒன்றுதான் நீங்கள் அந்தப் பேருந்தில் பயணம் செய்தீர்கள் என்பதற்கான பதிவு. இந்தப் பயணங்களுக்கான தொகையை அரசு கழகத்துக்கு ஈடுசெய்கிறது. அதைவிட முக்கியம், ஒரு நடையில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைச் சீட்டுக் கணக்கை வைத்தே பணிமனை அறிகிறது. பெண்கள் முப்பது பேர் சீட்டு வாங்காமல் இறங்கிப்போனால், ஏட்டில் அந்த நடை ஆளில்லாமல் ஓடிய நடையாகவே நிற்கும். பின்னொரு நாள் ஆளில்லாத நடைகளைக் குறைக்கலாம் என்று பேச்சு வரும்போது, உங்கள் ஊர்ப் பேருந்து அந்தப் பட்டியலில் ஏறிவிடும். நடத்துநர் கொடுக்க மறந்தாலும் கேட்டு வாங்குங்கள்.

கைகாட்டினாலும் நகரப் பேருந்து நிற்காமல் போகிறது. பெண்கள் மட்டும் நின்றால் ஓட்டுநர் பார்க்காததுபோல் போய்விடுகிறார். என்ன செய்வது?

நிறுத்தத்தில் நிற்கும் பயணியை ஏற்றாமல் செல்வது, அவர் கட்டணம் செலுத்துபவராயினும் இல்லாவிட்டாலும், தவறுதான். பேருந்தின் பதிவு எண், தடம், இடம், நேரம் ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டு 1800 599 1500 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். அல்லது அந்தப் பேருந்துக்குரிய பணிமனையின் கிளை மேலாளருக்கு எழுதிக் கொடுக்கலாம். நேரம் குறிப்பிடாத புகாரை வைத்துக்கொண்டு எந்த வண்டி என்று கண்டுபிடிப்பது கடினம்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓசிப் பயணம் என்று பேருந்துக்குள் யாராவது பெண்களைப் பார்த்துச் சொன்னால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் இல்லை. பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளியில் படிப்பவரையும், அரசு மருத்துவமனையில் பிள்ளை பெற்றுக்கொள்பவரையும் நாம் அப்படிச் சொல்வதில்லை. அதே நேரத்தில், ‘ஆச்சி, ஹைகிரவுண்டு வந்துட்டு, மெல்ல இறங்குங்க’ என்று கைப்பையை வாங்கிப் பிடித்து இறக்கிவிடும் நடத்துநர்களும் இதே தடங்களில் இருக்கிறார்கள். அவர்களைப் பாராட்டியும் அதே எண்ணில் சொல்லலாம், யாரும் சொல்வதில்லை.

மாணவர்களுக்கான பயண அட்டை யாருக்கெல்லாம் கிடைக்கும்?

பள்ளி மாணவர்களுக்கும், அரசுக் கலைக் கல்லூரி, அரசு பாலிடெக்னிக், அரசுத் தொழிற்பயிற்சி நிலைய மாணவர்களுக்கும் கட்டணமில்லாப் பயண அட்டை பள்ளி, கல்லூரி வழியாகவே வழங்கப்படுகிறது. கல்வியாண்டின் தொடக்கத்தில் புதிய அட்டை வரும்வரை, சீருடையையோ பழைய அட்டையையோ காட்டிப் பயணம் செய்யலாம் என்று ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குப் பயணச்சீட்டு தேவையில்லை. 5 முதல் 12 வயதுவரை அரைக்கட்டணம்.

அட்டை கிடைப்பதில் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல், பள்ளி மணிக்கும் பேருந்து நேரத்துக்கும் பொருந்தாத இடங்களில்தான். தூய சவேரியார், தூய யோவான், சாராள் தக்கர் என்று பாளையங்கோட்டையில் நூறாண்டுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. பேட்டைப் பக்கம் ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரி இருக்கிறது. அபிஷேகப்பட்டியில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் காலையில் ஒரே நேரத்தில் கூட்டம் கிளம்புவதால்தான் படிக்கட்டில் தொங்கும் பயணம் நிகழ்கிறது. அதை மாணவர்களின் குறும்பு என்று மட்டும் சொல்லி முடித்துவிடக் கூடாது. முன்னும் பின்னும் பத்து நிமிட இடைவெளியில் இன்னொரு வண்டி இருந்தால் பெரும்பாலானோர் உள்ளேதான் நிற்பார்கள். பள்ளி முடியும் நேரம் மாறும்போது தலைமையாசிரியர் அதைப் பணிமனைக்கு எழுத்தில் தெரிவிப்பது எளிய வழி. பல பள்ளிகள் இதைச் செய்வதில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கு இந்தப் பேருந்துகள் ஏற்றவையாக உள்ளனவா?

கட்டணத்தில் சலுகை உண்டு. உடன் வரும் உதவியாளருக்கும் நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை. ஆனால் ஏறுவதற்கு வசதி இல்லை. கிராமத் தடங்களில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை உயர்ந்த படிக்கட்டு கொண்டவை. சக்கர நாற்காலியோடு ஏற வழியே இல்லை. பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பள்ளி தொடங்கிய ஊர் பாளையங்கோட்டை. அந்தப் பள்ளி வாசல்களின் வழியாக ஓடும் பேருந்துகளிலாவது, அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்வதும் முன்னால் எழுத்தில் காட்டுவதும் முதலில் வந்திருக்க வேண்டும்.

வெளியூரிலிருந்து வருகிறவர் நெல்லையில் எங்கே இறங்க வேண்டும்?

வேய்ந்தான்குளத்தில் உள்ள புதிய பேருந்து நிலையமே புறநகர்ப் பேருந்துகளின் முதன்மை நிலையம். ரயிலைப் பிடிக்க வேண்டியவர் சந்திப்புக்குப் போக வேண்டும். சந்திப்புப் பேருந்து நிலையம் இடிக்கப்பட்டு, ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் மறுபடி கட்டப்பட்டு, பல ஆண்டுகள் கழித்தே திறக்கப்பட்டது. அத்தனை காலமும் நகரப் பேருந்துகளுக்காக மக்கள் சாலையோரத்தில் வெயிலில் நின்றார்கள். மருத்துவமனைக்குச் செல்பவர் சந்திப்பிலிருந்து வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி வழியாகப் பாளைக்குச் செல்லும் நகரப் பேருந்தில் ஏறி, ஹைகிரவுண்டு போகுமா என்று கேட்டுக்கொள்ளலாம். நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிறவர், டவுன் என்று வழங்கும் பகுதிக்குச் செல்லும் வண்டியில் ஏற வேண்டும்.

சந்திப்பிலிருந்து பாளைக்குச் செல்லும்போது தாமிரபரணியைக் கடக்கும் பாலம், சுலோச்சன முதலியார் பாலம். ஆற்றைப் படகில் கடந்த மக்கள் பட்ட துன்பத்தைக் கண்டு, ஆட்சியர் அலுவலகத்தில் சிரஸ்தாராக (தலைமை எழுத்தராக) பணிபுரிந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பொருளைக் கொடுத்துக் கட்டுவித்தது அது; 1843இல் மக்கள் பயன்பாட்டுக்கு வந்தது. நெல்லையையும் பாளையங்கோட்டையையும் இன்று இரட்டை நகரம் என்று நாம் சொல்வது அந்தப் பாலத்தால் சாத்தியமானது.

எங்கள் தடத்தில் வசூல் குறைவு, நட்டத்தில் ஓடுகிறது என்கிறார்கள். நட்டத்தில் ஓடும் பேருந்தை எத்தனை நாள் ஓட்ட முடியும்?

கழகம் நெருக்கடியில் இருக்கிறது என்பது உண்மை. கட்டணம் 2018 சனவரியில் கடைசியாக மாற்றியமைக்கப்பட்டது. சாதாரணப் புறநகர்ப் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு 58 பைசா என்று அப்போது முடிவானது. அதற்குப் பின் டீசல் விலையும் உதிரிபாக விலையும் ஏறியது அனைவரும் அறிந்ததே. கட்டணத்தை முடிவு செய்வது அரசு, கழகம் அன்று.

ஆனால் ஒரு தடத்தின் வசூலை மட்டும் தனியே எடுத்துப் பார்ப்பது முழுக் கணக்காகாது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒருவர் நகரப் பேருந்தில் அம்பாசமுத்திரம் வருகிறார். அங்கிருந்து புறநகர்ப் பேருந்தில் நெல்லை வருகிறார். நெல்லையிலிருந்து மதுரைக்குச் செல்கிறார். கிராமத் தடத்தின் ஏட்டில் அவருடைய முதல் சிறு கட்டணம் மட்டுமே பதிவாகிறது. மிகுந்த வசூல் மற்ற இரு தடங்களின் பெயரில் சேர்கிறது. கிராமத்து நடையை நிறுத்தினால், அவர் இருசக்கர வாகனம் வாங்கிவிடுவார். பிறகு அம்பாசமுத்திரம் வண்டியிலும் அவர் ஏறமாட்டார். வாய்க்காலை அடைத்துவிட்டுக் குளம் வற்றியது என்று வருந்துவது போன்றது இது.

சிற்றுந்து வந்துவிட்டால் அரசுப் பேருந்து தேவையில்லை அல்லவா?

இல்லை. 1997இல் தமிழ்நாட்டில் தொடங்கிய மினி பஸ் திட்டம், பெரிய வண்டி திரும்ப முடியாத தெருக்களுக்கும் பேருந்தே பார்க்காத ஊர்களுக்கும் நன்மை செய்தது. 2025இல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில், தடத்தின் நீளம் 25 கிலோமீட்டர் வரை இருக்கலாம். அதில் பெரும்பகுதி பேருந்து வசதி இல்லாத சாலையாக இருக்க வேண்டும். இவை தனியாருடையவை, கட்டணம் உண்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் ஓடாமல் நின்றுவிடக்கூடும். ஆகவே சிற்றுந்து வந்ததைக் காரணம் காட்டி அரசுப் பேருந்தின் முதல் நடையையும் கடைசி நடையையும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

மாஞ்சோலைக்குப் பேருந்து ஏன் இவ்வளவு பேசப்படுகிறது?

கல்லிடைக்குறிச்சி, மணிமுத்தாறு வழியாக வனச்சாலையில் ஏறி, மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று செல்லும் தடம் அது. தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மலையையும் சமவெளியையும் இணைத்த ஒரே பொது வண்டி அரசுப் பேருந்துதான். கர்ப்பிணியும் நோயாளியும் மளிகைச் சாமானும் அதிலேயே ஏறி இறங்கினார்கள். சிங்கம்பட்டி சமீனிடம் 99 ஆண்டுக் குத்தகையாகப் பெற்ற நிலத்தின் காலம் 2028இல் முடிவதை முன்னிட்டு, தோட்ட நிறுவனம் 2024இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு அறிவித்தது. மலையில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் இறங்க வேண்டிய நிலை வந்தது. அங்கே ஒரு குடும்பம் இருக்கும்வரையிலும் பேருந்து ஏறியாக வேண்டும் என்பதே என் கருத்து. வண்டியை நிறுத்துவது, வாயால் சொல்லாமல் வெளியேறச் சொல்வதற்குச் சமம்.

திருவிழாக் காலச் சிறப்புப் பேருந்துகளால் எங்கள் வழக்கமான பேருந்து நின்றுவிடுகிறதே?

ஆடி அமாவாசைக்குக் காரையார் சொரிமுத்து அய்யனார் கோயில், ஆடித்தபசுக்குச் சங்கரன்கோவில், கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர், தசராவுக்குக் குலசேகரன்பட்டினம், சாரல் காலத்தில் குற்றாலம் என்று நம் பகுதியில் கூட்டம் ஆண்டு முழுதும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. காரையார் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், தனியார் வாகனங்களைக் கீழேயே நிறுத்திவிட்டு மக்களை அரசுப் பேருந்தில் ஏற்றிச் செல்லும் ஏற்பாடு காட்டுக்கும் நல்லது, பயணிக்கும் நல்லது. ஆனால் கூடுதல் வண்டி வானத்திலிருந்து வருவதில்லை. பணிமனையில் இருக்கும் வண்டியைத்தான் எடுக்கிறார்கள். எந்தத் தடத்தில் எந்த நாட்களில் நடை குறையும் என்பதை முன்கூட்டியே பேருந்து நிலையத்தில் எழுதிப் போட்டால் பாதி மனக்கசப்பு தீரும்.

1997இல் கழகங்களின் பெயர்களை ஏன் நீக்கினார்கள்?

விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட புதிய கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டதை எதிர்த்துத் தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு வீரரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று சிலர் சொன்னதே அதன் வேர். அரசு, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இடப்பட்டிருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையும் எடுத்துவிட்டது.

பெயரை எடுத்தது அமைதிக்கு உதவியிருக்கலாம், கேள்வி தீர்ந்துவிடவில்லை. பள்ளி விடும் நேரத்துப் பேருந்தில் கையில் கட்டிய கயிற்றின் நிறத்தை வைத்து மாணவர்கள் மோதிக்கொள்வது இன்றும் நடக்கிறது. தேநீர்க்கடையிலும் கோயிலிலும் தள்ளி நிற்கச் சொல்லப்பட்டவர், பயணச்சீட்டு வாங்கிய உரிமையில் யாருக்கும் பக்கத்தில் அமரக்கூடிய இடமாகப் பேருந்து இருந்து வந்திருக்கிறது. எந்த நடத்துநரும் எந்த ஆசிரியரும் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

வெள்ளக் காலத்தில் பேருந்தை நம்பலாமா?

2023 திசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. பதிவானது. தாமிரபரணி கரைபுரண்டு சந்திப்புப் பகுதியிலும் நீர் புகுந்தது. திருவைகுண்டத்தில் ரயில் நின்று நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். பல சாலைகள் அறுந்தன. அப்படிப்பட்ட நாளில் வண்டியை நிறுத்துவதே சரி. தண்ணீர் வடிந்த பிறகு எந்தத் தடம் முதலில் திறக்கப்படுகிறது என்பதையே கவனிக்க வேண்டும். கிராமத் தடங்கள் கடைசியில் வைக்கப்பட்டால், நிவாரணமும் மருந்தும் அங்கே கடைசியில்தான் போய்ச் சேரும்.

எங்கள் ஊருக்கு ஒரு நடை வேண்டும் அல்லது நேரம் மாற்ற வேண்டும். யாரிடம், எப்படிக் கேட்பது?

முதலில் கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஊரில் எத்தனை மாணவர்கள், எத்தனை பேர் வேலைக்குச் செல்கிறவர்கள், எத்தனை பேர் மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்கிறவர்கள், அவர்கள் எத்தனை மணிக்கு எங்கே இருக்க வேண்டும் என்பதை எண்ணி எழுதுங்கள். ‘பேருந்து வசதி வேண்டும்’ என்ற ஒற்றை வரி மனு கோப்பில் தூங்கும். ‘காலை 6.15க்குக் கிளம்பி 7.30க்குள் சந்திப்பை அடையும் நடை வேண்டும், 42 பேர் பயன்படுத்துவார்கள்’ என்பது போன்ற மனுவை நேர அட்டவணையோடு ஒப்பிட்டுப் பார்க்க முடியும். சாலை குறுகலாக இருந்தாலோ, வண்டி திரும்ப இடம் இல்லாவிட்டாலோ, அதை மறைக்காமல் சொல்லி, ஊராட்சி என்ன செய்யும் என்பதையும் எழுதுங்கள்.

மனுவின் ஒரு படியைப் பணிமனைக் கிளை மேலாளரிடமும், ஒன்றை வண்ணார்பேட்டைத் தலைமை அலுவலகத்திலும், ஒன்றைத் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமும் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தென்காசி மாவட்டத்தார் 2019 முதல் தங்கள் மாவட்ட ஆட்சியரிடமே கொடுக்கலாம். திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் உள்ள கொக்கிரகுளத்துக்கு வர வேண்டியதில்லை. நடை கிடைத்துவிட்டால், முதல் சில மாதங்கள் ஊரார் அந்தப் பேருந்திலேயே செல்லுங்கள்; ஒவ்வொருவரும் சீட்டை வாங்குங்கள்.